தொழிலாளியின் கட்சியிலிருந்து நிலக்கரியின் கட்சிக்கு: மேற்கு வர்ஜீனியா மாறியது ஏன்?

கேள்வி இதுதான். அமெரிக்காவின் நிலக்கரி மாநிலமான மேற்கு வர்ஜீனியா, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்தது. இன்று குடியரசுக் கட்சிக்கு மிக அதிக விழுக்காட்டில் வாக்களிக்கும் மாநிலங்களில் அதுவும் ஒன்று. ஒபாமா அரசு நிலக்கரிக்கு எதிராகக் கொண்டுவந்த சுற்றுச்சூழல் விதிகள்தான் இந்த மாற்றத்துக்குக் காரணமா?

அந்த விதிகளுக்கும் பங்கு உண்டு, ஆனால் அவை முதற்காரணம் அல்ல என்பதை ஆண்டுக் கணக்கே காட்டிவிடும். ஒபாமா பதவியேற்றது 2009 ஜனவரியில். மேற்கு வர்ஜீனியா கைமாறியதோ 2000ஆம் ஆண்டுத் தேர்தலில். 1932 முதல் 1996 வரை நடந்த 17 அதிபர் தேர்தல்களில் 14இல் அந்த மாநிலம் ஜனநாயகக் கட்சியையே தேர்ந்தெடுத்தது. 1980இல் குடியரசுக் கட்சியின் ரீகன் அலையில் ஜனநாயகக் கட்சியின் ஜிம்மி கார்ட்டருடன் நின்ற மாநிலங்கள் ஆறே ஆறு. அவற்றில் இதுவும் ஒன்று. 1996இல் அதே கட்சியின் பில் கிளிண்டன் இங்கே ஏறத்தாழ 15 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். நான்கே ஆண்டுகளில் அக்கட்சியின் அடுத்த வேட்பாளர் அல் கோர் 6 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். அதிபரைத் தீர்மானிப்பதில் இந்த மாநிலத்துக்கு உரிய ஐந்து தேர்வாளர் வாக்குகள் கோருக்குக் கிடைத்திருந்தால் அவர் ஃபுளோரிடா இல்லாமலேயே அதிபராகியிருப்பார். ஃபுளோரிடாவின் மறுஎண்ணிக்கையையும் அது குறித்த உச்ச நீதிமன்ற வழக்கையும் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். இந்த ஐந்து வாக்குகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மலைகளில் வாழ்ந்தவர்களின் விசுவாசம் ஆதி முதலே சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் மீது இருந்தது. கட்சி மீதான விசுவாசம் அதன் வழியாக வந்தது. சங்கம் கரைந்த பிறகு அந்த விசுவாசம் நிலக்கரியின் மீது, அதன் வழியாக நிலக்கரி முதலாளியின் மீது போய் ஒட்டிக்கொண்டது. தொழிலாளியைக் காப்பது, நிலக்கரியைக் காப்பது என்ற இரண்டும் வேறு வேறு என்று மக்களுக்கு நினைவூட்ட எந்த அமைப்பும் மிஞ்சாத காலத்தில்தான் சுற்றுச்சூழல் விதிகள் வந்து சேர்ந்தன.

இதை விளங்கிக்கொள்ள 1932க்கும் முன்னால் போக வேண்டும். உள்நாட்டுப் போரின் நடுவே, 1863இல், வர்ஜீனியாவிலிருந்து பிரிந்து பிறந்த மாநிலம் இது. லிங்கனின் கட்சியோடு பிறந்ததால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலும் குடியரசுக் கட்சியின் பக்கமே இருந்தது. தெற்கிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த கறுப்பினத் தொழிலாளர்களுக்கு இங்கே வாக்குரிமை இருந்தது. அவர்களும் அக்கட்சிக்கே வாக்களித்தார்கள். ஆனால் சுரங்க ஊர்களில் கட்சிப் பெயருக்குப் பெரிய பொருள் இல்லை. லோகன் மாவட்டத்து ஷெரிஃப் டான் சாஃபின் ஜனநாயகக் கட்சிக்காரர். அவரும் நிலக்கரி முதலாளிகளிடம் பணம் பெற்றுக்கொண்டு சங்கத்தாரை மாவட்டத்துக்குள் கால் வைக்க விடாமல் அடித்து விரட்டினார். எந்தக் கட்சி வென்றாலும் ஆண்டது கம்பெனிதான்.

அந்த ஆட்சி எப்படி நடந்தது என்பதற்கு ஒரு தராசைப் பார்த்தால் போதும். அன்று சுரங்கத் தொழிலாளிக்கு நாட்கூலி கிடையாது, வெட்டிய கரிக்கு டன் கணக்கில் கூலி. வண்டியை நிரப்பியதும் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை அதில் மாட்டி அனுப்புவார். வண்டி மேலே வந்ததும் கம்பெனி ஆள் எடை போடுவார். கல் கலந்திருக்கிறது என்று சொல்லிக் கழிப்பார். அவர் எழுதியதே கணக்கு. கீழே இருட்டில் முழங்காலிட்டு வெட்டியவருக்கு அந்தத் தராசு முள் எங்கே நின்றது என்று தெரியவே தெரியாது. அதனால்தான் தொழிலாளர்கள் தாங்களே தேர்ந்தெடுத்துத் தாங்களே சம்பளம் கொடுக்கும் எடை சரிபார்ப்பவர் ஒருவர் தராசருகே நிற்க வேண்டும் என்பது சங்கத்தின் முதல் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. கூலியும் பல இடங்களில் டாலராக வரவில்லை. கம்பெனி அச்சடித்த டோக்கனாக வந்தது, அது கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லும். வீடும் கம்பெனியுடையது, மருத்துவரும் கம்பெனி ஆள். சங்கத்தில் சேர்ந்தால் அன்றே வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

1920 மே 19 அன்று மிங்கோ மாவட்டத்து மேட்வான் என்ற சிற்றூரில், சங்கத்தில் சேர்ந்த குடும்பங்களின் தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் தூக்கி எறிய வந்த பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் நிறுவனத்தின் கூலிப் படையினரை, உள்ளூர்க் காவல் தலைவர் சிட் ஹாட்ஃபீல்ட் எதிர்கொண்டார். துப்பாக்கிச் சண்டையில் பத்துப் பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவரை நீதிமன்றப் படிக்கட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். அதே மாதம், கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிய ஏறத்தாழ பத்தாயிரம் தொழிலாளர்கள் துப்பாக்கியோடு பிளேர் மலையை நோக்கி அணிவகுத்தார்கள். மத்திய அரசின் படை வந்த பிறகே கலைந்தார்கள். அந்தத் தோல்விக்குப் பின் 1920களின் இறுதிக்குள் மாநிலத்தில் சங்கம் கிட்டத்தட்ட இல்லாமலே போயிற்று.

இப்படியொரு தோல்விக்குப் பிறகு ஜனநாயகக் கட்சியின் ரூசவெல்ட் அதிபராக வந்தார். 1933இல் அவர் கையெழுத்திட்ட தேசியத் தொழில் மீட்புச் சட்டத்தின் 7(அ) பிரிவு, சங்கம் சேரும் உரிமையைத் தொழிலாளர்க்கு அளித்தது. ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் ஆட்கள் சுரங்க வாசல்களில் நின்று, நீங்கள் சங்கத்தில் சேர வேண்டும் என்று அதிபர் விரும்புகிறார் என்று சொன்னார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மத்திய அரசின் படையைப் பார்த்துத் துப்பாக்கியைக் கீழே வைத்தவர்களிடம், இப்போது அதே மத்திய அரசு உங்கள் பக்கம் என்றார்கள். சில மாதங்களில் ஏறத்தாழ எல்லாச் சுரங்கங்களும் சங்கத்துக்குள் வந்துவிட்டன. அந்தச் சேதி அவர்களுக்குத் தேர்தல் மேடையிலிருந்து வரவில்லை. தங்களோடு சுரங்கத்துக்குள் இறங்கியவர்களின் வாயால் வந்தது. என் பதிலின் கடைசியில் இந்த வேறுபாட்டுக்குத் திரும்புவேன்.

அந்தப் பிடிப்பு எவ்வளவு ஆழமானது என்பதற்கு 1940 சாட்சி. சங்கத்தின் பேராற்றல் படைத்த தலைவர் ஜான் எல். லூயிஸ் ரூசவெல்ட்டோடு மனம் கசந்து, குடியரசுக் கட்சி வேட்பாளர் வெண்டல் வில்க்கிக்கு ஆதரவு தெரிவித்தார். லூயிசைத் தெய்வம் போல மதித்த தொழிலாளர்கள் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்லைக் கேட்கவில்லை. மாநிலம் ரூசவெல்ட்டுக்கே வாக்களித்தது. தலைவர் சொன்னதற்காகக் கண்மூடி வாக்களித்த கூட்டம் என்று இவர்களைப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தராசருகே தங்கள் ஆள் நிற்பதற்கு வழி செய்தது யார் என்பதை அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள்.

சரிவின் விதையும் லூயிசின் காலத்திலேயே விழுந்துவிட்டது. 1950இல் அவர் பெரிய நிறுவனங்களோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். சுரங்கத்தில் இயந்திரங்களைக் கொண்டுவருவதைச் சங்கம் தடுக்காது. ஈடாக, வெட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் நிறுவனங்கள் நலநிதிக்குப் பணம் கட்டும். அந்தத் தொகை 1952இல் டன்னுக்கு 40 சென்டாக உயர்ந்தது. இந்த நிதியிலிருந்து ஓய்வூதியம் வந்தது, மருத்துவ அட்டை வந்தது, மலைநாட்டில் பத்து மருத்துவமனைகள் எழுந்தன. கால் முறிந்தால் கம்பெனி மருத்துவர் வீட்டு வாசலில் காத்துக் கிடந்த மக்களுக்கு அது எத்தகைய மாற்றம் என்பதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் வேலையில் இருப்பவர்களின் நலனுக்காக வேலைகளின் எண்ணிக்கையே விலையாகக் கொடுக்கப்பட்டது. 1940களின் இறுதியில் மாநிலத்தில் ஏறத்தாழ 1,20,000 பேர் சுரங்கத் தொழிலில் இருந்தார்கள். 1960க்குள் அது பாதிக்கும் கீழே இறங்கியது.

என்னைப் பொறுத்தவரை இந்த வரலாறு முழுவதிலும் மிக முக்கியமான எண்கள் இவைதாம்: 1947இல் மேற்கு வர்ஜீனியா வெட்டிய கரி 17 கோடி டன்னுக்கு மேல், 1997இல் வெட்டியது ஏறத்தாழ 18 கோடி டன். ஐம்பது ஆண்டுகளில் உற்பத்தி குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது. அதை வெட்டியவர்கள் மட்டும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிட்டார்கள். வேலைகளை விழுங்கியவை கரியை இடைவிடாமல் குடைந்தெடுக்கும் இயந்திரங்களும், பின்னர் மலையுச்சியையே வெடிவைத்துத் தகர்த்துக் கரியை எடுக்கும் முறையும்தான். புவி வெப்பமாதலைக் கட்டுப்படுத்தும் கியோட்டோ உடன்படிக்கையோ கார்பன் விதியோ எழுதப்படுவதற்கு முன்பே இந்த அழிவின் பெரும்பகுதி நடந்து முடிந்திருந்தது. 1950இல் ஏறத்தாழ 99,000 பேர் வாழ்ந்த மெக்டவல் மாவட்டத்தில் 2020இல் எஞ்சியவர்கள் 19,000 சொச்சம் பேர்.

இதற்கிடையில் சங்கமும் உள்ளுக்குள் அழுகியது. 1968 நவம்பரில் ஃபார்மிங்டன் சுரங்க வெடிப்பில் 78 பேர் இறந்தார்கள். அப்போது சங்கத் தலைவராக இருந்த டோனி பாயில் அங்கே வந்து, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு முன்னால் அந்த நிறுவனத்தின் பாதுகாப்பு அக்கறையைப் பாராட்டிப் பேசினார். அவரை எதிர்த்துத் தேர்தலில் நின்ற ஜோசப் யப்லான்ஸ்கி 1969 டிசம்பர் 31 அன்று மனைவி, மகளோடு கொலை செய்யப்பட்டார். அந்தக் கொலைக்கு ஏற்பாடு செய்த குற்றத்துக்காகப் பாயில் சிறை சென்றார். பிறகு, நுரையீரல் கருத்துப்போன தொழிலாளியான ஆர்னால்ட் மில்லர் போன்றவர்கள் சங்கத்தை மீட்டார்கள். 1969இல், கரித்தூளால் வரும் கரும்நுரையீரல் நோய்க்காக மாநிலமே வேலைநிறுத்தம் செய்து சட்டம் பெற்றது. ஆனால் 1980களில் நிறுவனங்கள் சங்கமில்லாச் சுரங்கங்களைத் திறந்துகொண்டே போயின. மாஸி நிறுவனம் மிங்கோ மாவட்டத்தில் நடந்த 1984-85 வேலைநிறுத்தத்தை முறியடித்தது. அந்த நிறுவனத்தில் அப்போது தலையெடுத்த டான் பிளாங்கன்ஷிப் பின்னர் அதன் தலைவரானார். 2010 ஏப்ரல் 5 அன்று 29 உயிர்களைப் பலிகொண்ட அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கம் மாஸியினுடையதுதான். அங்கே சங்கம் இல்லை.

சங்கம் போனால் கூலி குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு போகும் இன்னொன்றை நாம் கவனிப்பதில்லை. சங்கக் கூடத்தில்தான் அந்த மக்கள் செய்திகளைப் பேசினார்கள், சட்டங்களைப் புரிந்துகொண்டார்கள், யார் தங்களுக்காக எந்த வாக்கைப் போட்டார் என்று தெரிந்துகொண்டார்கள். கூடம் பூட்டப்பட்டதும் அந்த இடத்தை வேறு குரல்கள் நிரப்பின. 2002இல் மாநிலத்தின் நிலக்கரி முதலாளிகள் சங்கம் 'நிலக்கரியின் நண்பர்கள்' என்ற அமைப்பைத் தொடங்கியது. அதன் ஸ்டிக்கர் கார்களில் ஏறியது, அதன் பெயர் வண்டி எண் பலகைகளில் வந்தது. 2006 முதல் மாநிலத்தின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களின் அமெரிக்கக் கால்பந்துப் போட்டியே அதன் பெயரில் நடந்தது. நிலக்கரி என்றால் நம் அப்பா, நம் தாத்தா, நம் மானம் என்ற உணர்வு உண்மையானது, போற்றத்தக்கது. ஆனால் பிளேர் மலைக்குத் துப்பாக்கியோடு நடந்த தாத்தா, நிலக்கரி முதலாளியின் நண்பராக அங்கே போகவில்லை. அவருடைய நினைவை அவர் எதிர்த்தவர்களே உரிமை கொண்டாடியது எனக்கு இன்றும் வேதனை தருகிறது.

சுற்றுச்சூழல் கொள்கையின் பங்கை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். 1990இல் தூய காற்றுச் சட்டத் திருத்தம் வந்தபோது, கந்தகம் மிகுந்த கரியை வெட்டும் சுரங்கங்கள் அடிபடும் என்பது தெளிவாகத் தெரிந்தது. சுரங்கத் தொழிலாளி வீட்டில் வளர்ந்த செனட்டர் ராபர்ட் பேர்ட், வேலையிழப்பவர்களுக்கு இழப்பீடு தரும் ஒரு பிரிவைச் சேர்க்கப் போராடினார். செனட்டில் அது ஒரே ஒரு வாக்கில் தோற்றது. அந்தத் தோல்வியில் இரு கட்சியினருக்கும் பங்கு உண்டு. சட்டத்தில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி அதிபரான மூத்த புஷ். ஆனால் காற்றைத் தூய்மையாக்கும் செலவை நாடு முழுவதும் பகிர்ந்துகொள்ளாது, அந்தச் சுமை நம் தலையில் மட்டுமே விழும் என்ற பாடத்தை மலைநாட்டு மக்கள் அன்று கற்றுக்கொண்டார்கள். 1997இல் பேர்ட் கொண்டுவந்த, கியோட்டோ பாணி உடன்படிக்கையை எதிர்க்கும் தீர்மானம் 95-0 என்று நிறைவேறியது. அதே கியோட்டோவின் முகமாக மூன்றாண்டு கழித்து வாக்குக் கேட்டு வந்தவர் அல் கோர்.

கோர் தோற்றதற்குத் துப்பாக்கியும் காரணம். நன்றி நவிலல் வாரத்தில் மான் வேட்டைக்காகப் பள்ளிகளுக்கே விடுமுறை விடும் மாநிலம் அது. துப்பாக்கிக் கட்டுப்பாடு பேசிய வேட்பாளர் அங்கே அந்நியராகத் தெரிந்தார். தேவாலயம், கருக்கலைப்பு குறித்த கருத்துகளும் சேர்ந்துகொண்டன. இந்தக் கருத்துகள் 2000இல் புதிதாக முளைத்தவை அல்ல. 1960இல் ஜான் கென்னடி உட்கட்சித் தேர்தலுக்கு வந்தபோதும் அதே மக்கள் அதே தேவாலயங்களுக்குத்தான் போய்வந்தார்கள். பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகளான அவர்கள் அந்தக் கத்தோலிக்கரை வெற்றிபெறச் செய்தார்கள். அவரும் 1961இல் உணவு முத்திரைச் சோதனைத் திட்டத்தின் முதல் முத்திரைகளை மெக்டவல் மாவட்டத்தில் வழங்கச் செய்தார். வயிற்றுப்பாட்டுக்கான உறவு உறுதியாக இருந்தவரை மற்ற வேறுபாடுகள் அடங்கிக் கிடந்தன.

நிறவெறியையும் மறைக்க வேண்டியதில்லை. 2008 உட்கட்சித் தேர்தலில் ஹிலரி கிளிண்டன் ஒபாமாவை 67க்கு 26 என்ற விழுக்காட்டில் வென்றார். வாக்குச் சாவடி வாசலில் கேட்டபோது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், வேட்பாளரின் இனம் தமக்கு ஒரு காரணம் என்றே சொன்னார்கள். 2012இல் டெக்சாஸ் சிறையில் இருந்த ஒரு கைதி, ஜனநாயகக் கட்சி உட்கட்சித் தேர்தலில் ஒபாமாவுக்கு எதிராக 40 விழுக்காட்டுக்கு மேல் பெற்றார். அந்த நவம்பரில் ஒபாமா மாநிலத்தின் 55 மாவட்டங்களிலும் தோற்றார். ஆனால் 2004இல் ஜான் கெர்ரியும் அங்கே 13 புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி ஒபாமா காலத்து விதிகள். உண்மையில் மாநிலத்தின் நிலக்கரி வேலைகள் அவருடைய முதல் ஆண்டுகளில் சற்று உயர்ந்து 2011இல் 20,000ஐத் தாண்டின. அதன் பிறகுதான் சரிந்தன. சரிவுக்குப் பெருங்காரணம் பாறையை நீரழுத்தத்தால் உடைத்து எடுக்கும் மலிவான இயற்கை எரிவாயு. மின் நிலையங்கள் விலை பார்த்து எரிவாயுவுக்கு மாறின. ஆனால் எரிவாயு விலையைத் திட்டி யாரும் ஊர்வலம் போக முடியாது. விதி எழுதும் அதிகாரிக்குப் பெயரும் முகவரியும் உண்டு. லோகன் மாவட்டத்து ஸ்ப்ரூஸ் சுரங்கத்துக்கு முன்பே கொடுத்திருந்த அனுமதியைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2011இல் ரத்துசெய்தபோது, நிலக்கரி மீது போர் என்ற முழக்கத்துக்குக் கையில் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு கிடைத்துவிட்டது. 2016 மார்ச்சில் ஹிலரி கிளிண்டன், நிறைய நிலக்கரித் தொழிலாளர்களையும் நிறுவனங்களையும் தொழிலை இழக்கச் செய்யப் போகிறோம் என்ற பொருளில் பேசினார். அந்த மக்களைக் கைவிடக் கூடாது என்பதே அந்தப் பேச்சின் நோக்கம். 3,000 கோடி டாலர் திட்டமும் அவரிடம் இருந்தது. 1990இன் அந்த ஒரு வாக்கை நினைவில் வைத்திருந்த மக்கள் முதல் பாதியை மட்டுமே நம்பினார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாநில அரசியல் இன்னும் மெதுவாகவே மாறியது. ஜோ மன்சின் போன்ற நிலக்கரி ஆதரவு ஜனநாயகக் கட்சியினர் உள்ளூரில் வென்றுகொண்டிருந்தார்கள். 2014இல்தான் மாநிலக் கீழவை எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு குடியரசுக் கட்சியிடம் போனது. நிக் ராஹல் 38 ஆண்டுகள் வகித்த நாடாளுமன்ற இடத்தை இழந்தார். 2016இல் ஜனநாயகக் கட்சி சார்பில் ஆளுநரான நிலக்கரி முதலாளி ஜிம் ஜஸ்டிஸ், அடுத்த ஆகஸ்டிலேயே டிரம்ப் மேடையில் கட்சி மாறினார். பழைய போர்க்குணம் மட்டும் சாகவில்லை. 2018 பிப்ரவரியில் 55 மாவட்டங்களின் ஆசிரியர்களும் ஒன்பது பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்து 5 விழுக்காடு ஊதிய உயர்வு பெற்றார்கள். முதலில் வெளிநடப்பு செய்த மாவட்டங்களில் மிங்கோவும் லோகனும் உண்டு. பலர் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை இருந்தது.

தங்கள் நலனுக்கு எதிராகவே வாக்களிக்கும் அறியாமை என்று வெளியூர்க்காரர்கள் இவர்களைப் பற்றி அடிக்கடி சொல்வார்கள். அவர்களுக்கு நான் ஒரு சட்டப் பிரிவைக் காட்டுவேன். கரும்நுரையீரல் நோயால் இறந்த தொழிலாளியின் மனைவி, கணவர் பெற்றுவந்த உதவித்தொகை தொடர வேண்டுமானால் அவர் அந்த நோயால்தான் இறந்தார் என்று மறுபடியும் நிரூபிக்க வேண்டும் என்ற நிலையை 1981இல் ரீகன் காலத்துத் திருத்தம் உண்டாக்கியது. மருத்துவச் சான்றுகளோடு கம்பெனி வழக்கறிஞர்களை எதிர்த்து நிற்க முடியாமல் எத்தனையோ பெண்கள் விட்டுவிட்டார்கள். 2010இல் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்குள், 92 வயதை எட்டியிருந்த பேர்ட் சில வரிகளைச் சேர்த்தார். அந்தத் தடை நீங்கியது. உதவித்தொகை மீண்டும் தபாலில் வந்தது. 1933இல் சுரங்க வாசலில் நின்று சேதி சொன்னவர்களைப் போல, இது எப்படி வந்தது, யாரால் வந்தது என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல அவருடைய ஊரில் சங்கக் கூடம் இல்லை. பேர்ட் அதே ஆண்டு ஜூன் 28 அன்று காலமானார்.